எனக்கு யாருமில்லை என்று சொல்லப் பழகு

மகனே சவரிமுத்து,

பொன்னேரிக்கு நெல் ஏற்றப் போகும் வண்டிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். தணிந்த பிறகு இன்னொரு முறை படி. வருகிற அமாவாசையன்று அக்கரைக் குப்பத்தில் பாடு போடுகிறார்கள். அதற்கு முன்னால் நீ திரும்பி வர வேண்டும். ஏரிக்கரைக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில், உன் அம்மாவைப் புதைத்த இடத்தில் நின்று, அங்கே கிடப்பது உனக்கு யாருமில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். சொன்னால் செல்லி உனக்கு மனைவி, ஏரியில் உனக்கு ஒரு பாடு. சொல்லாவிட்டால் இரண்டும் இல்லை. நீ சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பெற்றவன் இப்படி எழுதுவானா என்று கேட்காதே. பெற்றவனைத் தவிர வேறு யாரும் உனக்கு இதை எழுத மாட்டார்கள்.

எந்தப் பாடத்தையும் முதலிலிருந்து தொடங்குவது என் வழக்கம். நீ அறிந்ததுதான் என்றாலும் பொறுத்துக்கொள். இந்த ஏரி பார்ப்பதற்கு எல்லாருக்கும் பொதுவானதுபோலப் பரந்து கிடக்கிறது. ஆனால் முகத்துவாரத்துப் பக்கம், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில், இறால் ஓடும் வழி கொஞ்சம்தான். அங்கே யார் எப்போது வலை கட்டுவது என்பதற்குக் குப்பத்தில் திருவுளச்சீட்டுப் போடுகிறார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் தன் அடையாளமாக ஒரு சிப்பியையோ குச்சியையோ பானைக்குள் போடுகிறான். எடுக்கிற வரிசைப்படி இடமும் முறையும் கிடைக்கின்றன. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. பாடு உள்ளவன் வலை கட்டுகிறான். இல்லாதவன் ஓரத்துச் சேற்றில் உட்கார்ந்து கையால் தடவுகிறான். இந்த ஏரியைச் சுற்றி இருப்பவர்கள் இந்த இரண்டே சாதி. மற்ற வேற்றுமையெல்லாம் கரைக்கு வந்த பிறகுதான்.

என் நைனா வலை கட்டினவர். உனக்குத் தாத்தா. சின்னத்தம்பி என்று அக்கரைக் குப்பத்தில் அவருக்குப் பெயர். மழை பொய்த்துப்போய் ஏரி உப்புக் காடாக வெடித்த வருஷத்தில், இந்தக் கோயில் வாசலில் கஞ்சி ஊற்றினார்கள். பறங்கியர் கட்டி, அவர்களிடமிருந்து ஒல்லாந்து தேசத்து உலாந்தாக்காரர்கள் பிடுங்கிக்கொண்ட கோயில் இது. கோட்டையில் கொடி மாறியபோது உள்ளே இருந்த சொரூபங்கள் போயின, வெளியே ஊற்றிய கஞ்சி மாறவில்லை. நைனா கஞ்சி குடித்தார், ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டார். இரண்டில் எது முந்தி என்று என்னால் சொல்ல முடியாது. மழை வந்ததும் பழையபடி வலையைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனார். அன்று பாடு போடும் நாள். இப்போது குப்பத்துக்குத் தலைவராக இருக்கும், செல்லியின் அப்பா ஏகாம்பர நாட்டாருக்குத் தகப்பனார்தான் அப்போது நாட்டார். நான் நைனாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா சின்னத்தம்பி, கோயில்ல இன்னா சொல்லித் தராங்க?" என்று அவர் அன்பாகத்தான் கேட்டார்.

நைனாவுக்குப் பெருமை. மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தார். "ஆண்டவரு எனக்காகப் பாடுபட்டாருன்னு சொல்லித் தராங்க."

"யாருக்காக?"

"எனக்காக. உனக்காகவுந்தான். எல்லாருக்காகவும்."

"எங்களுக்கு வேணாம்பா, எங்க பாட்டை நாங்களே பட்டுக்கறோம். உனக்குத்தான் உங்க சாமியே பட்டுட்டாரே, அப்பால உனக்கு எதுக்குடா தனியா ஒரு பாடு?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நைனாவும் சிரித்தார். நல்ல வேடிக்கை என்று நினைத்து, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பானையின் வாயைத் துணியால் கட்டிய பிறகுதான், தன்னுடைய சிப்பி வெளியே மணலில் கிடப்பதைப் பார்த்தார். அப்போதும் அவர் முகத்தில் பாதிச் சிரிப்பு மிச்சமிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது மொழிக்கு அழகு என்று சொல்லியிருக்கிறேன். அந்த அழகில்தான் எங்கள் குடும்பத்தின் சோறு போனது.

பிறகு நான் கோட்டைக்கு வெளியே உலாந்தாக் கம்பெனி வைத்திருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனேன். நீ பிறந்த பிறகு, எனக்கு இல்லாவிட்டாலும் உனக்காவது பாட்டை மீட்டுத் தர வேண்டும் என்று தோன்றியது. அறியாமையால் வந்த தவறு, பொறுமையாக விளக்கினால் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். வாத்தியார்களுக்கு இந்த வியாதி உண்டு. குப்பத்துக்குப் போனபோது ஏகாம்பர நாட்டார் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான் எனக்குத் தெரிந்த உதாரணமெல்லாம் சொன்னேன். ஆறு என்றால் நதி, ஆறு என்றால் எண். படி என்றால் அரிசி அளப்பது, படி என்றால் ஏறிப் போவது. அதுபோலவே பாடு என்றால் ஏரியில் வலை கட்டும் முறை, பாடு என்றால் துன்பம். கோயிலில் சொன்னது துன்பத்தை. அதற்காக ஒருவனின் வலை முறையைப் பறிப்பது நியாயமா? நாட்டார் காதுகொடுத்துக் கேட்டார். நல்ல மாணவன்போலத் தலையை ஆட்டினார்.

"நல்லா வெளங்குச்சு வாத்தியாரே," என்றார் கடைசியில். "ரெண்டு பாடு கீது. வலை கட்ற பாடு எங்களுக்கு. இன்னொன்னு உங்களுக்கு."

படகுக்குத் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து யாரோ கூவினான்: "வாத்தியாரே, ஆறுன்னா கஞ்சி ஆறிப்போச்சுன்னும் ஒரு அர்த்தம் கீதே, அத்த வுட்டுட்டியே!" சரியான விடைதான். பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன்.

உன் அம்மா மரியாயி அதற்குப் பிறகும் ஏரியில் இறங்கிக்கொண்டுதான் இருந்தாள். கம்பெனி கொடுத்த அரிசி மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் முழங்காலால் நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவாள். பல்லில் கயிறு இருப்பதால் பேச முடியாது. கரையில் நின்று நீ ஏதாவது கேட்டால் புருவத்தால் பதில் சொல்வாள். நீ அதைப் பார்த்துச் சிரிப்பாய். திருக்கை சேற்றுக்குள் தட்டையாகப் படுத்திருக்கும் என்பதும் அதன் வாலில் முள் இருக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். வலைக்காரன் அதை வலைக்குள் பார்க்கிறான், குச்சியால் தள்ளிவிடுகிறான். தடவுகிறவள் கையால்தான் பார்க்க வேண்டும். முள் அவள் உள்ளங்கையில் இறங்கி மறுபுறம் வந்தது. அப்போதும் கூடையை விடவில்லை. கூடையோடுதான் கரையேறினாள். கை வீங்கி, தோள்வரை கறுத்து, பிறகு நாற்றம் எடுத்தது. நீ மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டாய். அவள் அதைக் கவனித்து, "வெளிய போய் வெளாடுடா" என்றாள். அதுதான் அவள் உன்னிடம் கடைசியாகப் பேசியது. அன்று பிடித்த இறாலை நான் விற்றேன். நல்ல இறால்.

இதையெல்லாம் உனக்கு ஏன் நினைவூட்டுகிறேன்? போன வாரம் நீ கல்லறைத் தோட்டத்திலிருந்து கோபித்துக்கொண்டு நடந்தபோது, "பாடு இல்லாங்காட்டி போவுது, கையால தடவிப் பொழைச்சுக்கறேன். செல்லியும் வருவா" என்று கத்தினாய். செல்லி வருவாள். அவள் நல்ல பெண். பெரியவர்கள் குறுக்கே நின்றபோது பட்டினி கிடந்து உனக்காக வாதாடினவள். நாட்டாருக்கு ஆண் பிள்ளை இல்லை, உன்னை வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்துக்கொள்ள அவர் இறங்கி வந்ததே அவளால்தான். அவள் உன்னோடு வந்தால் என்ன ஆவாள் என்பதைச் சொல்கிறேன். கூடையின் கயிற்றைப் பல்லில் கடிப்பாள்.

அன்று நடந்ததை ஒரு பாடம்போல வரிசையாகப் பார்ப்போம். நாட்டாரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் படகில் வந்து இறங்கினார்கள். இந்தக் கரையில் அதுவரை அவர்கள் கால் வைத்ததே இல்லை. கல்லறைத் தோட்டத்து வாசலின் இரண்டு பக்கமும் உலாந்தாக்காரர்கள் நிறுத்திவைத்திருக்கும் கல் எலும்புக்கூடுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். மனிதன் மண்ணாகப் போகிறவன் என்பதை நினைவில் வைக்கச் செதுக்கியது என்று நான் விளக்கத் தொடங்கினேன். நாட்டார் அதன் விலாவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா வாத்தியாரே, உங்க ஆளுங்களுக்குச் செத்தப்பறம் கஞ்சி ஊத்த மாட்டாங்களா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அங்கேதான் உன் முதல் தவறு. மாமனார் ஆகப்போகிறவர் வேடிக்கை சொன்னால் சிரிக்க வேண்டும்.

உள்ளே முன்பகுதியில் கம்பெனிக்காரர்களின் கல்லறைகள். ஒவ்வொரு கல்லும் ஒரு படகை மூடும் அளவு. கப்பல், சிங்கம், பூமாலை எல்லாம் செதுக்கியிருக்கும். சின்ன வயதில் நீ அந்தக் கப்பல்களின் பாய்களில் விரலை ஓட்டிக்கொண்டே இருப்பாய், உன்னை இழுத்துக்கொண்டு போவதே பெரும் வேலை. நம் ஆட்கள் கிடப்பது பின்னால், சுவர் முடிந்து ஏரி தொடங்கும் சரிவில். ஐப்பசியில் தண்ணீர் ஏறும்போது முதலில் நம் வரிசைக்குத்தான் வரும். ஒரு தடவை பாதிரியாரிடம், மரியாயியைச் சுவருக்கு உள்ளே கொஞ்சம் மேட்டில் வைக்கக் கூடாதா என்று கேட்டேன். பரலோகத்தில் மேடு பள்ளம் இல்லை என்று கருணையோடு சொன்னார். ஆகவே கோயிலுக்குத் துரோகம் செய்கிறோம் என்று நீ கலங்க வேண்டியதில்லை. குப்பம் நம்மைப் பானைக்கு வெளியே வைத்தது. கோயில் சுவருக்கு வெளியே வைத்தது. இரண்டு பேரும் சிரித்த முகத்தோடுதான் செய்தார்கள். இதில் ஒருவரிடமாவது உனக்கு வலை கட்ட இடம் இருக்கிறது, அவர்களிடம் போ என்கிறேன்.

கோயில் உறவை அறுத்து உன்னைக் குப்பத்தில் சேர்த்துக்கொள்ள அவர்கள் கேட்டது சின்ன வாக்கியம். "இங்க கெடக்குறது எனக்கு யாருமில்ல." முடிந்ததும் ஏரித் தண்ணீரை ஒரு கை அள்ளிப் பின்பக்கமாக வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். நீ என்ன சொன்னாய்? "இங்க கெடக்குற எங்கம்மா எனக்கு அம்மா இல்ல." பெரியவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்கம்மாங்கறான், அம்மா இல்லைங்கறான். நண்டை எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியலப்பா!" என்றார் ஒருவர்.

உன் பிழையைப் பார். எழுவாயில் அம்மாவை வைத்துவிட்டுப் பயனிலையில் மறுத்தாய். எழுவாயில் ஒருத்தியை உட்காரவைத்த பிறகு பயனிலை என்ன கத்தினாலும் அவள் எழுந்து போக மாட்டாள். 'இங்கே கிடப்பது' என்று தொடங்கு. 'கிடப்பவள்' என்றுகூட வேண்டாம், அது ஒரு பெண்ணைக் காட்டிவிடும். 'கிடப்பது' என்றால் கல்லும் கிடக்கும், கட்டையும் கிடக்கும், செத்த மீனும் கிடக்கும். உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு இறக்கிவிட்டால் பாதிப் பாரம் குறைந்துவிடும். பின்பாதி அவர்கள் கொடுத்தது, அதில் கைவைக்காதே. பொன்னேரியில் மூட்டை தூக்கும்போது ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருமுறை சொல்லிப் பார். வாய்ப்பாடு எப்படி வந்தது உனக்கு? அர்த்தம் நினைத்தா சொன்னாய்? வாய் பழகியது, வந்தது.

இரண்டாம் முறை சொல்லச் சொன்னபோது நீ பாதியில் நிறுத்தி என் பக்கம் திரும்பினாய். "நைனா, பொய் சொன்னான்னு எத்தினி பசங்கள முட்டி போட வெச்சே! என்னையும் வெச்சே. இப்போ இன்னா சொல்லச் சொல்றே நீ?" என்று எல்லாருக்கும் எதிரில் கேட்டாய். நீ வாசலைத் தாண்டிப் போய்விட்டாய். நாட்டார் என் தோளில் கை வைத்து, "பொண்ணு அழுவுறா. அவளுக்காக அமாவாசை வரிக்கும் பாக்கறேன். அப்பால என்னைக் கேக்காதே" என்றார். பிறகு படகில் ஏறியபடியே, "சவரின்றத ஏரியில போட்டுட்டு முத்துன்றத மட்டும் நாங்க எட்த்துக்கறோம். நல்ல முத்துதான்" என்றார். அவருக்கு உன்மேல் ஆசை இருக்கிறது. வேடிக்கை செய்கிறவர்களுக்குப் பிரியமும் அந்த வழியாகத்தான் வரும்.

நேற்று முன்தினம் மறுபடியும் வந்தார். செத்தவளை மறுத்துவிட்டு உயிரோடு இருக்கிறவனைத் தகப்பன் என்று வைத்துக்கொண்டால் ஊர் ஒத்துக்கொள்ளுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நானே வழி சொன்னேன். ஊரே என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறது, அவனும் அப்படியே கூப்பிடட்டும் என்றேன். "அது நல்லா கீது, யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல" என்று சந்தோஷப்பட்டார். பழகிக்கொள். சந்தையில் பார்த்தால் 'நல்லா கீறியா வாத்தியாரே' என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு. நைனா என்று தொடங்கிவிட்டு மாற்றாதே. அது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

கல்யாணம் ஆகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும். செல்லி நல்ல மனசோடு ஒரு நாள் உன் அம்மாவைப் பற்றிக் கேட்பாள். பதில் சொல்லாதே. ஒரு நாள் சொன்னால், சண்டை வரும் இன்னொரு நாளில் அது அவள் வாயிலிருந்து வெளியே வரும். கல்லறைத் திருநாளில் இந்தக் கரையில் மெழுகுவத்தி எரியும்போது, அந்தப் பக்கம் பார்த்து வலை கட்டாதே. பெண் பிறந்தால் மரியாயி என்று பெயர் வைக்கத் தோன்றும், வைக்காதே. அழகான பெயர்கள் வேறு நிறைய இருக்கின்றன. பாடு போடும் நாளில் எவனாவது ஒருவனின் சிப்பியை வெளியே எடுத்துப் போட்டால், மற்றவர்கள் சிரிக்கும்போது நீயும் சிரி. எதிர்த்துப் பேசலாம் என்று தோன்றும். உனக்குப் பிள்ளைகள் பெரியவர்களாகி, அவர்களுக்கும் பாடு கிடைத்த பிறகு பேசு. அதற்குள் உனக்கே பேசத் தோன்றாமல் போய்விடும். அதற்காக வெட்கப்படாதே.

நீ அன்று கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் தேடிக்கொண்டிருந்தேன். உன்னைப் பொய் சொல்லச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நேற்று மாலை, கோயிலில் யாரும் இல்லாத நேரத்தில், கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நீ உடைந்த படகுப் பலகையில் செய்து நட்டிருந்த குருசை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். ஆழமாக நட்டிருந்தாய். பிறகு முழங்காலிட்டு, மேட்டை இரண்டு கையாலும் நிரவினேன். மணல்தானே, சொன்னபடி கேட்டது. ஓரத்தில் அடுக்கியிருந்த சிப்பிகளைப் பொறுக்கித் தண்ணீரில் எறிந்தேன். என் கால்தடங்களைப் பனையோலையால் கூட்டிவிட்டு, பத்தடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி போய்த் தேடினேன். தெரியவில்லை. பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தது. அதில் சோறு வடித்துச் சாப்பிட்டேன்.

நாட்டார் ஏதாவது ஓரிடத்தைக் காட்டி நிற்கச் சொல்வார். அங்கேயே நில். அதன் அடியில் மணலைத் தவிர ஒன்றும் இராது. நீ சொல்லப்போவது பொய் ஆகாது. சத்தமாகச் சொல். கூட வரும் பெரியவர்களில் ஒருவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இன்னொரு தடவை சொல்லும்படி வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
வாத்தியார்